மல்லாட்டை முதல் மத்தி வரை: விழுப்புரம் தட்டில் புரதம்

தசை, தோல், முடி, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின், உணவைச் செரிக்கும் நொதிகள், கிருமிகளை எதிர்க்கும் நோய் எதிர்ப்புப் பொருள்கள் ஆகிய எல்லாவற்றுக்கும் அடிப்படை புரதம். மிஞ்சிய கொழுப்பை உடல் சேமித்து வைக்கும். புரதத்துக்கு அப்படி ஒரு கிடங்கு கிடையாது. உடலிலுள்ள புரதம் நாள்தோறும் சிதைகிறது, நாள்தோறும் புதிதாகக் கட்டப்படுகிறது. அந்தக் கட்டுமானத்துக்கான பொருளை அன்றாட உணவுதான் தர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை உண்ட கறி, வாரத்தின் மற்ற ஆறு நாள்களுக்கு ஈடாகாது.

இந்தப் பொருளின் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்துக்குள்ளேயே கிடைக்கிறது. திண்டிவனம், செஞ்சி, வானூர் பகுதிகளில் வேர்க்கடலை விளைகிறது. நெல் அறுத்த வயல்களில் உளுந்து முளைக்கிறது. மரக்காணத்திலிருந்து கோட்டக்குப்பம் வரை மீனவக் குப்பங்கள் வரிசையாக இருக்கின்றன. ஊர்தோறும் பால் கூட்டுறவுச் சங்கங்கள் இயங்குகின்றன. ஆனாலும் ஏராளமான வீடுகளில் தட்டை நிறைப்பது சோறு. பருப்பு, பயறு, முட்டை, மீன் ஆகியவை சிறிதளவே இடம்பெறுகின்றன. விளைச்சலுக்கும் தட்டுக்கும் இடையிலுள்ள இந்த இடைவெளியை அடைப்பதே நல்ல புரத உணவைத் தேர்ந்தெடுப்பதன் சாரம்.

எவ்வளவு தேவை?

இந்தியர்களின் ஊட்டச்சத்துத் தேவையை வரையறுப்பது ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இது தமிழ் மண்ணில் பிறந்த நிறுவனம். மருத்துவர் ராபர்ட் மெக்கரிசன் 1918இல் குன்னூரில் தொடங்கிய சிறிய ஆய்வுப் பிரிவு வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்தது.

அந்நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஆரோக்கியமான பெரியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு இது சுமார் 54 கிராம். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்குச் சுமார் 46 கிராம். கர்ப்பத்தின் நான்காம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை கூடுதலாக 9.5 கிராம், கடைசி மூன்று மாதங்களில் கூடுதலாக 22 கிராம் தேவை. பாலூட்டும் தாய்க்கு முதல் ஆறு மாதங்களில் ஏறத்தாழ 17 கிராம் கூடுதலாக வேண்டும். நான்கு முதல் ஆறு வயதுக் குழந்தைக்கு 16 கிராம் போதும்; 13 முதல் 15 வயதுக்குள் இந்தத் தேவை 43 முதல் 45 கிராமாக உயர்ந்துவிடுகிறது. அந்த வயதுப் பிள்ளைகளுக்குப் பெரியவர்களின் பங்குக்கு இணையான பங்கு வேண்டும் என்பதைப் பல வீடுகள் கவனிப்பதில்லை.

சோறு தருவதும் தராததும்

அரிசியில் புரதம் இல்லை என்பது தவறான எண்ணம். 100 கிராம் அரிசியில் சுமார் 8 கிராம் புரதம் உண்டு. நாளெல்லாம் சோறு உண்பவருக்கு அதிலிருந்தே கணிசமான புரதம் சேர்கிறது. 2011–12ஆம் ஆண்டின் தேசிய மாதிரி ஆய்வின்படி, இந்தியக் கிராம மக்கள் பெற்ற புரதத்தில் பாதிக்கு மேல் தானியங்களிலிருந்தே வந்தது.

குறை தரத்தில் இருக்கிறது. புரதங்கள் 20 வகை அமினோ அமிலங்களால் ஆனவை. அவற்றில் ஒன்பதை உடலால் தயாரித்துக்கொள்ள முடியாது. உணவிலிருந்தே பெற வேண்டும். ஒன்பதில் ஒன்று குறைந்தாலும் மற்ற எட்டும் முழுப் பயன் தருவதில்லை. அரிசியிலும் பிற தானியங்களிலும் லைசின் குறைவு. பருப்பு வகைகளில் லைசின் தாராளம், மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புகிறது. அரிசியும் உளுந்தும் சேர்ந்த இட்லி, அரிசியும் பாசிப்பருப்பும் சேர்ந்த பொங்கல், அரிசியோடு நான்கு பருப்புகள் சேர்த்து அரைக்கும் அடை ஆகியவை இந்தக் காரணத்தால் நல்ல புரத உணவுகள். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பு என்ற விகிதத்தைப் பரிந்துரைக்கிறது.

ரேஷன் பொருளைக் கொண்டு இந்த விகிதத்தைச் சோதித்துப் பார்க்கலாம். நான்கு பேர் கொண்ட அரிசி அட்டைக் குடும்பத்துக்கு மாதம் 20 கிலோ அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது; துவரம் பருப்பு ஒரு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அந்தப் பருப்பு ஆளுக்கு ஒரு நாளைக்கு எட்டு கிராம்தான் வரும். அதிலுள்ள புரதம் இரண்டு கிராமுக்கும் குறைவு. அரிசிக்கும் பருப்புக்கும் உள்ள விகிதம் இருபதுக்கு ஒன்று. பசியை அடக்க ரேஷன் கடை பெரிதும் உதவுகிறது. புரதத்தை நிறைவுசெய்ய, குடும்பம் கூடுதலாகப் பருப்பும் பயறும் வாங்கியே ஆக வேண்டும்.

புரதக் குறையைப் பேசும்போது மொத்த உணவையும் மறக்கக் கூடாது. சேலத்தில் பிறந்து, தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் இயக்குநராக உயர்ந்த மருத்துவர் சி. கோபாலன் இதைத் தொடர்ந்து வலியுறுத்தினார். வயிறார உண்ணாதவரின் உடல், கிடைக்கும் புரதத்தையும் எரிபொருளாக எரித்துவிடும். காலையில் வெறும் டீ குடித்துவிட்டு நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் பெண்ணுக்கு முதலில் வேண்டியது, பருப்போடு சேர்ந்த முழுச் சாப்பாடு.

திண்டிவனத்தின் மணிலா

விழுப்புரம் வட்டாரத்தில் மல்லாட்டை, மணிலா என்றெல்லாம் வழங்கும் வேர்க்கடலை, இப்பகுதியின் பழைய பணப்பயிர். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில் விளைந்த கடலை புதுச்சேரித் துறைமுகத்திலிருந்து பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறியது. திண்டிவனத்தில் அமைந்துள்ள எண்ணெய் வித்துக்கள் ஆராய்ச்சி நிலையம் இன்று தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்குகிறது. அங்கு உருவான நிலக்கடலை, எள் ரகங்கள் டி.எம்.வி. என்ற முன்னெழுத்தோடு ஊரின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1940இல் வெளியான டி.எம்.வி. 2 நிலக்கடலை, ஆந்திரம், கர்நாடகம் வரை பரவிப் பல பத்தாண்டுகள் மானாவாரி உழவர்களுக்குக் கைகொடுத்தது.

எண்ணெய்க்காகவே பெரிதும் விற்கப்படும் இந்தக் கடலையின் எடையில் ஏறத்தாழ கால் பங்கு புரதம். 100 கிராம் வேர்க்கடலைப் பருப்பில் சுமார் 24 கிராம் புரதம் உண்டு. பெரும்பாலான பருப்பு வகைகளைவிட இது சற்று அதிகம். மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம், ஊட்டக்குறைவைப் போக்க உருவாக்கிய பல்நோக்கு உணவுக்கு எடுத்துக்கொண்டது இதைத்தான். எண்ணெய் நீக்கிய கடலை மாவு மூன்று பங்கும் கொண்டைக்கடலை மாவு ஒரு பங்கும் அதில் கலந்திருந்தன.

கடலையில் சுமார் 40 விழுக்காடு கொழுப்பும் இருப்பதால் அளவு முக்கியம். நாளொன்றுக்கு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், ஏழு கிராம் புரதம் தரும். அவித்தோ வறுத்தோ உண்பது நல்லது. கடலைமிட்டாயில் பாதிக்குப் பாதி வெல்லம் இருக்கும் என்பதால் அது குழந்தைகளின் தின்பண்டமாக அளவோடு இருக்கட்டும். கடலைச் சட்னி, கடலைப்பொடி, காரக்குழம்பில் அவித்த கடலை ஆகியவை தினச் சமையலில் எளிதாக நுழையக்கூடியவை.

கடலை வாங்கும்போது பூஞ்சையைக் கவனிக்க வேண்டும். ஈரம் உலராமல் மூட்டை கட்டிய கடலையில் அஸ்பர்ஜில்லஸ் என்னும் பூஞ்சை வளர்ந்து அஃப்ளாடாக்சின் என்ற நச்சை உண்டாக்கும். 1960இல் இங்கிலாந்தில் கடலைப் புண்ணாக்குத் தின்ற வான்கோழிகள் ஒரு லட்சத்துக்கும் மேல் மடிந்தபோதுதான் இந்த நச்சு உலகுக்குத் தெரியவந்தது. இது கல்லீரலைத் தாக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். வறுத்தாலும் முழுமையாக அழியாது. பூஞ்சை பிடித்த புண்ணாக்கை மாடு தின்றால் நச்சின் ஒரு பகுதி பாலிலும் வரும். சுருங்கிய, கறுத்த, கசக்கும் பருப்புகளைப் பொறுக்கி எறிய வேண்டும். அறுவடை செய்த காய்களை நன்றாக வெயிலில் உலர்த்திய பிறகே உழவர்கள் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குக் கொண்டுபோவதும் வீட்டுக்கு எடுத்துவைப்பதும் சரி. சொத்தைக் கடலையை விலை மலிவு என்று எண்ணெய் ஆட்டவோ மாட்டுக்கு வைக்கவோ கூடாது.

எள்ளும் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தின் பயிர்தான். பருப்பில் குறைவாக உள்ள மெத்தியோனின் எள்ளில் மிகுதி. உளுந்தும் எள்ளும் சேர்த்து இடிக்கும் இட்லிப்பொடி அதனால் சுவையோடு சத்தையும் கூட்டுகிறது.

பருப்பும் பயறும்

உளுந்து, பாசிப்பயறு, துவரை, கொள்ளு ஆகிய எல்லாவற்றிலும் 100 கிராமுக்கு 21 முதல் 24 கிராம் வரை புரதம் உண்டு. தட்டைப்பயறு அதற்குச் சற்றுக் கீழே. முழுக் கொண்டைக்கடலை 19 கிராம் அளவில் நிற்கிறது. வேறுபாடு சிறிது என்பதால், எது மலிவாகவும் புதிதாகவும் கிடைக்கிறதோ அதை மாற்றி மாற்றிச் சமைப்பதே அறிவுடைமை. துவரம் பருப்பின் விலை ஏறும் மாதங்களில் உள்ளூர் உளுந்தும் தட்டைப்பயறும் அந்த இடத்தை நிரப்பும்.

விழுப்புரம் மாவட்டத்தில் உளுந்து முக்கியமான பயறு. வேரில் தங்கும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள தழைச்சத்தை மண்ணில் சேர்க்கும் பயிர் என்பதால், உண்பவருக்கும் நிலத்துக்கும் ஒருசேர நன்மை செய்கிறது. கறுப்புத் தோலோடு உளுந்தை உண்டால் நார்ச்சத்தும் சேர்ந்து கிடைக்கும். உளுந்தங்கஞ்சி, உளுந்தங்களி, உளுந்துச் சோறு ஆகியவற்றை வளரும் பெண்பிள்ளைகளுக்கு ஊட்டும் மரபு வீட்டில் தொடர வேண்டியது.

பயறுகளில் உள்ள ஃபைட்டேட் என்னும் பொருள் இரும்பு, துத்தநாகம் ஆகியவற்றை உடல் ஏற்கவிடாமல் தடுக்கும். ஊறவைத்தல், முளைகட்டுதல், மாவைப் புளிக்கவைத்தல் ஆகிய மூன்றும் அதைக் குறைக்கின்றன. சில பயறுகளால் வாயு உண்டாகிறது என்று ஒதுக்குபவர்கள், எட்டு மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, நன்றாக வேகவைத்துச் சிறிதளவில் தொடங்கினால் வயிறு பழகிவிடும். சாம்பார் என்ற பெயரில் பருப்பே இல்லாத நீரை ஊற்றிச் சாப்பிடுவதால் புரதக் கணக்கு கூடாது. ஆளுக்கு ஒரு வேளைக்கு 25 முதல் 30 கிராம் பருப்பாவது வேக வேண்டும்.

கடைகளில் மீல் மேக்கர் என்று கிடைக்கும் சோயாத் துண்டுகளில் எடையில் பாதி புரதம். இறைச்சி உண்ணாத வீடுகளில் வாரம் ஓரிரு முறை சேர்க்கலாம். கேழ்வரகில் புரதம் 7 கிராம்தான். அதன் பெருமை சுண்ணாம்புச் சத்தில் உள்ளது. கம்பில் 11 கிராம் உண்டு. கூழோடு வறுத்த கடலையோ மீனோ சேர்த்துக்கொள்வது அந்த உணவை முழுமையாக்கும். முருங்கைக்கீரை 100 கிராமில் ஆறு கிராம் புரதம் உண்டு. கீரைகளில் இது உயர்ந்த அளவு.

மரக்காணம் கரை

கடல் மீன் மிக உயர்ந்த தரமுள்ள புரதம். ஒன்பது அமினோ அமிலங்களும் தேவையான அளவில் இருக்கும்; எளிதில் செரிக்கும். 100 கிராம் மீனில் சுமார் 18 முதல் 20 கிராம் புரதம் கிடைக்கும். இதில் வஞ்சிரத்துக்கும் மத்திக்கும் பெரிய வேறுபாடு கிடையாது. விலையில்தான் பெரிய வேறுபாடு. மத்தி, கவளை, நெத்திலி, காரப்பொடி, கானாங்கத்தை போன்ற சிறிய, மலிவான மீன்கள் இதயத்துக்கு நன்மை செய்யும் ஒமேகா 3 கொழுப்பையும் வைட்டமின் பி12ஐயும் தருகின்றன. நெத்திலியை முள்ளோடு மென்று உண்ணும்போது சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. குழம்பாக்கியோ அவித்தோ உண்பதே நல்லது. எண்ணெயில் மூழ்கப் பொரித்தால் நன்மையில் ஒரு பகுதி கழிந்துவிடும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். வரத்துக் குறைந்து விலை ஏறும் அந்த இரண்டு மாதங்களில் நாட்டுப் படகு மீனும், ஏரி, குளத்துக் கெண்டையும், முட்டையும் மாற்றாகும். கருவாட்டில் நீர் வற்றியிருப்பதால் புரதம் செறிந்திருக்கும். அதோடு உப்பும் மிகுதியாக இருக்கும். இரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அலசிச் சிறிதளவே உண்ண வேண்டும்.

முட்டை, பால், இறைச்சி

ஒரு முட்டை ஆறு கிராம் புரதம் தருகிறது. உடல் அதை ஏறக்குறைய முழுமையாகப் பயன்படுத்திக்கொள்கிறது. மஞ்சள் கருவை எறிவது வீண். புரதத்தின் கணிசமான பகுதியும் வைட்டமின் ஏ, டி ஆகியவையும் அதில்தான் உள்ளன. ஆரோக்கியமானவர்கள் நாள்தோறும் ஒரு முட்டை உண்பதில் தவறில்லை.

200 மில்லி பசும்பாலில் ஆறரை கிராம் புரதம் உண்டு. ஒரு டம்ளர் டீயில் சேரும் ஐம்பது மில்லி பால் ஒன்றரை கிராமே தரும் என்பதால், ஒன்றிரண்டு டீ குடிப்பது ஒரு டம்ளர் பாலுக்கு ஈடாகாது; டீயைக் கூட்டினால் சர்க்கரையும் கூடும். தயிர் அதே அளவு புரதத்தோடு எளிதில் செரிக்கும். இறைச்சி, மீன், முட்டை உண்ணாதவர்களுக்கு வைட்டமின் பி12 கிடைக்கும் முக்கிய வழியும் பாலும் தயிரும்தான். விழுப்புரம், கடலூர் மாவட்டங்களுக்கான பால் கூட்டுறவு ஒன்றியத்துக்கு ஊற்றும் குடும்பங்கள், கறக்கும் பால் முழுவதையும் விற்றுவிடாமல் வீட்டுக் குழந்தைகளுக்கு ஒரு டம்ளர் ஒதுக்க வேண்டும்.

கோழிக்கறியில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேலும், ஆட்டுக்கறியில் சுமார் 20 கிராமும் புரதம் உண்டு. கொழுப்பு நீக்கிய கறியே நல்லது. பதப்படுத்திய இறைச்சி வேறு வகை. சாசேஜ் போன்றவற்றைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2015இல் சேர்த்தது.

பள்ளித் தட்டு

தமிழ்நாட்டின் ஏழைக் குழந்தைகளின் புரதத் தேவையில் ஒரு பங்கை அரசு ஏற்றுக்கொண்டுள்ளது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் பின்னர் முட்டை சேர்ந்தது. இப்போது பள்ளி நாள்களில் நாள்தோறும் முட்டை வழங்கப்படுகிறது. 2022 செப்டம்பர் 15இல் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம், அடுத்த ஆண்டு மாநிலம் முழுதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு விரிந்தது. கர்ப்பிணிகளுக்கும் சிறு குழந்தைகளுக்கும் அங்கன்வாடிகள் தரும் சத்துமாவு, தானியத்தோடு பயறும் சேர்ந்த இணை உணவு. அது மாட்டுத் தீவனத்தில் கலக்கும் பொருளன்று. தாயும் குழந்தையும் உண்ண வேண்டியது.

யாருக்குத் தனிக் கவனம்?

சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்பவர்களுக்குச் சோற்றைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டுவது உதவும். சென்னை மருத்துவர்கள் ஆர்.எம். அஞ்சனா, வி. மோகன் ஆகியோரின் குழு, இந்தியா முழுவதும் 18,090 பேரின் உணவுத் தரவுகளை ஆராய்ந்து 2022இல் முடிவை வெளியிட்டது. நோய் வராமல் தடுக்க, மொத்தக் கலோரியில் மாவுச்சத்து 50 முதல் 56 விழுக்காடும் புரதம் 18 முதல் 20 விழுக்காடும் இருக்கலாம் என்பது அதன் பரிந்துரை.

முதியவர்களின் தசை ஆண்டுதோறும் கரைகிறது. பல் இல்லை, பசி இல்லை என்று கஞ்சியோடு நிறுத்திக்கொள்வது அவர்களை மேலும் தளர்த்தும். குழைந்த பருப்பு, தயிர், அவித்த முட்டை, முள் எடுத்த மீன் ஆகியவை மெல்லச் சிரமம் தராதவை.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இந்தக் கட்டுரையின் அளவுகளைப் பின்பற்றக் கூடாது. அவர்களுக்குரிய அளவை மருத்துவரே சொல்ல வேண்டும்.

உடற்பயிற்சிக் கூடங்களுக்குச் செல்லும் இளைஞர்கள் டப்பாக்களில் வாங்கும் புரதப் பொடியைத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி தவிர்க்கச் சொல்கிறது. நாள்பட அதிகப் புரதப் பொடி எடுப்பது எலும்புக்கும் சிறுநீரகத்துக்கும் கேடு என்பது அதன் எச்சரிக்கை. உடல் எடையில் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் புரதம் எடுத்தாலும் தசை கூடுதலாக வளர்வதில்லை. அந்த அளவை முட்டை, மீன், பயறு, கடலை, பால் ஆகியவற்றால் எட்டிவிடலாம்.

ஒரு நாள் கணக்கு

55 கிலோ எடையுள்ள ஒரு பெண்ணின் நாளை எடுத்துக்கொள்ளலாம். காலையில் நான்கு இட்லியும் தேங்காய்ச் சட்னியும், மதியம் 150 கிராம் அரிசியில் வடித்த சோறும் புளிக்குழம்பும், இரவு மிச்சச் சோறும் என்றால் மொத்தப் புரதம் ஏறத்தாழ 31 கிராம். தேவை 46. வயிறு நிறைகிறது, மூன்றில் ஒரு பங்கு புரதம் குறைகிறது.

அதே வீட்டில், அதே பெண்ணுக்குச் சிறிய மாற்றங்கள் போதும். காலையில் நான்கு இட்லியோடு பருப்புள்ள சாம்பார்: 14 கிராம். மதியம் சோற்றைச் சற்றுக் குறைத்து, 25 கிராம் பருப்புக் குழம்பு, முருங்கைக்கீரைப் பொரியல், ஒரு கிண்ணம் தயிர்: சுமார் 20 கிராம். மாலையில் ஒரு கைப்பிடி அவித்த மல்லாட்டை: 7 கிராம். இரவு மூன்று தோசை, ஒரு முட்டை: 14 கிராம். மொத்தம் 55 கிராம். முட்டை உண்ணாதவருக்கும் 49 கிராம் சேர்ந்துவிடும். அரிசிக்கும் பருப்புக்குமான விகிதமும் மூன்றுக்கு ஒன்று என்ற அளவை ஒட்டி வருகிறது. அவர் கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இருந்தால் தேவை 68 கிராமாகிவிடும்; இன்னொரு முட்டையும், ஒரு டம்ளர் பாலும், மதியம் ஒரு துண்டு மீன் அல்லது மாலையில் ஒரு கிண்ணம் சுண்டலும் அந்த இடைவெளியை நிரப்பும்.

மூன்று வேளைக்கும் பகிர்ந்து உண்பது ஒரே வேளையில் குவிப்பதைவிட நல்லது. பகிர்வு வீட்டு உறுப்பினர்களுக்கு இடையிலும் வேண்டும். பல வீடுகளில் முட்டையும் மீன் துண்டும் முதலில் ஆண்களின் தட்டுக்குப் போகின்றன. சமைத்த பெண் கடைசியில் குழம்பை வழித்துச் சாப்பிடுகிறார். கர்ப்பத்திலும் பாலூட்டும் காலத்திலும் மிக அதிகப் புரதம் தேவைப்படுவது அவருக்குத்தான். வயலிலும் கடலிலும் தொழுவத்திலும் இந்த மாவட்டம் உண்டாக்கும் புரதம் முதலில் அதை உண்டாக்கும் குடும்பங்களின் தட்டுக்கு வரட்டும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து, பருப்பையும் முட்டையையும் மீனையும் சமமாகப் பகிர்ந்து உண்ணுங்கள்.